என் நடையும் ஒரின்குல்லின் காலும்

ஒரின்குல்லின் நாடக அரங்கில் மொத்தமே நாற்பது நாற்காலி. அதிலும் பாதி ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டியவை. கசாக்ஸ்தானில், அல்மாத்தி நகரின் கீழ்ப்பக்கம், பஜாருக்குப் போகிற வழியில், ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்தில் அது இருக்கிறது. முன்பு தையற்கூடமாக இருந்த இடம். மேலே யாராவது குளித்தால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வசனத்துக்கு நடுவே கேட்கும். நான் நடிப்பது அரசு அரங்கில். எழுநூறு இருக்கை, சிவப்பு வெல்வெட் திரை, கூரையில் பிரம்மாண்டமான சரவிளக்கு. அப்படியிருந்தும் நான்தான் அவளைப் பார்த்து வயிறெரிகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடவா போகிறது?

இருவரும் ஒரே வகுப்பில் நடிப்புப் படித்தோம். விடுதியில் ஒரே அறை. ஒரே ஆண்டில் அரசு அரங்கில் சேர்ந்தோம். சரித்திர நாடகத்தில் கானின், அதாவது அரசனின், மனைவி வேடம் முதலில் அவளுக்குத்தான் கிடைத்தது. ஒத்திகையில் அரண்மனைப் படி முறிந்து விழுந்தாள்; இடது கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவள் விழுந்ததற்கு நான் காரணமில்லை, படியைச் செய்தது தச்சர். கானின் மனைவி நொண்ட முடியாதே, வேடம் எனக்கு வந்தது. அவளுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஓநாய் ஊளையும் குழந்தை அழுகையும் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் ஊளையிட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அத்தோடு ஒழிந்தாள் என்றுதான் நினைத்தேன். அவளா ஒழிவாள்? கல்யாண விருந்துகளில் மைக் பிடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாள். துருக்கித் தொடர்களுக்குக் கசாக் மொழியில் குரல் கொடுத்தாள். ஒரே தொடரில் மாமியாரும் அவள், மருமகளும் அவள். தன்னோடு தானே சண்டை போட்டு அழுவாள். அந்தச் சம்பாத்தியத்தில் அடித்தளத்தை வாடகைக்குப் பிடித்து, சுவருக்குத் தன் கையாலேயே கறுப்புச் சாயம் அடித்தாள். "நானா, இந்தப் பொந்தா, சொல்லு" என்று கணவன் கேட்டானாம். "பொந்துக்கு வாடகை கட்டிட்டேனே" என்றாளாம். அவன் தலைநகர் அஸ்தானாவுக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான்.

எனக்குச் சொத்து என் நடை. தலையில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளி தொங்கும் மணக்கிரீடத்தை வைத்துக்கொண்டு மேடையில் நான் வந்தால் ஒரு தொங்கல்கூட ஆடாது. பார்க்க வருகிறவர்களோ பள்ளிப் பிள்ளைகள். ஆசிரியைகள் பேருந்தில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். கான் போருக்குப் போவார், பிள்ளைகள் சூரியகாந்தி விதை கொறிக்கும். இருந்தாலும் என் நடையைப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த நடையை நான் யாருக்காவது கொடுக்க வேண்டுமே. எனக்குப் பிள்ளை இல்லை. என் தம்பி எர்கினுக்குப் பெண் பிறந்தது, தொமிரிஸ். குழந்தை எழுந்து நிற்கப் பழகியதும் அதன் இரண்டு கால்களையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, உறவெல்லாம் கூடி, கத்தியால் வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். வெட்டுகிறவளின் நடையும் குணமும் குழந்தைக்கு வரும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் கத்தியைக் கொடுப்பார்கள். தொமிரிஸின் கயிறு என் கையால்தான் அறுபடும் என்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

கெடுத்தவள் தம்பி மனைவி பல்ஜான். வங்கியில் வேலை செய்கிறவள். அவளை என் நாடகத்துக்குக் கூட்டிப்போனேன்; இரண்டாம் அங்கத்தில் அவள் முகத்தில் கைபேசி வெளிச்சம் அடித்தது மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அதே பல்ஜான் சிநேகிதியோடு ஒரின்குல்லின் நாடகத்துக்குப் போய்விட்டு, கண் வீங்கி வந்து நின்றாள்.

"காம்ஷாத் அக்கா, நீங்க ஒரு தரம் பாத்தே ஆகணும்."

"பொந்துக்குள்ள உக்காந்து புரியாத நாடகம் பாக்கணுமாக்கும்."

"புரியாம இல்லக்கா. எங்கம்மாவப் பாத்த மாதிரியே இருந்துச்சு."

போனேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் வராத கட்டடத்தில் ஒருத்தி தெருக்குழாயிலிருந்து நாலாம் மாடிக்கு இரண்டு வாளி சுமக்கிறாள், அவ்வளவுதான். ஒரின்குல் நொண்டி நொண்டி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் சிந்தியது. நிஜத் தண்ணீர். முன்வரிசையிலிருந்த ஒரு கனத்த மனிதர் தன்னை மறந்து எழுந்து வாளியை வாங்கக் கை நீட்டிவிட்டார். எனக்காக ஒருவர் அப்படி எழுந்ததுண்டா? எங்கள் அரங்கில் திரை விழுந்ததும் எல்லோரும் எழுவார்கள், கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்குகிற இடத்தில் வரிசை நீளுவதற்குள் ஓட.

முடிந்ததும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எப்படிடி இருந்துச்சு?"

"இடம் ஒரே ஈரம். நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"நாடகத்தக் கேட்டேன்டி."

"தண்ணி ஜாஸ்தி."

விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ வந்ததே பெருசு. உங்க அரங்குல சூடு நல்லா வருமில்ல? குளிர்காலத்துல அதத்தான் நெனச்சுக்குவேன்."

என்னிடம் அவளுக்குப் பொறாமை என்று ஒன்று இருந்தால், அது எங்கள் சுவரில் பதித்த வெந்நீர்க் குழாய் மீதுதான். அது எனக்கு இன்னும் எரிந்தது.

விழாவுக்கு முந்தின வாரம் எர்கின் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, கயிறு வெட்ட ஒரின்குல் அக்காவ பல்ஜான் கூப்ட்டுட்டா."

"யார? டேய், அவ நொண்டிடா! பொண்ணும் நொண்டட்டும்னா?"

"நானும் அதத்தான் கேட்டேன். விழுந்தப்புறமும் நடக்குறவங்க கைதான் வேணும்ங்கறா."

"நான் எழுநூறு பேர் முன்னால நடக்கறவடா."

"நீங்க அழகா நடப்பீங்கக்கா. யாரு இல்லேன்னா?" என்றான், காய்ச்சல்காரிக்கு ஆறுதல் சொல்கிற குரலில். அவன் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விழா ஒரு உணவகக் கூடத்தில் நடந்தது. குதிரை இறைச்சி, பொரித்த மாவுருண்டை, மலையாகக் குவிந்த மிட்டாய், நடுவில் குழந்தை நடப்பதற்கு விரித்த வெள்ளைத் துணி. குழந்தையின் காலில் கயிற்றைக் கட்டினார்கள். ஒரின்குல் கத்தியை வாங்கிக்கொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த அத்தையின் காதோடு சொன்னேன். காதோடுதான். ஆனால் கிசுகிசுப்பும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று இத்தனை ஆண்டு பழக்கிய தொண்டை இது.

"நொண்டி கையில கத்தியக் குடுத்தா பொண்ணு எப்படி அத்தே நடக்கும்?"

கூடமே கேட்டது. தட்டில் கரண்டி படுகிற ஓசைகூட நின்றது. நான் மேடையில் பேசிய எந்த வசனத்துக்கும் அப்படியோர் அமைதி கிடைத்ததில்லை.

பல்ஜானுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா!" என்றாள். ஒரின்குல் அவள் தோளைத் தட்டிவிட்டு, விரித்த துணியை மிதிக்காமல் சுற்றி, நொண்டியபடி என்னிடம் வந்தாள். அவள் கண்ணில் கோபத்தைத் தேடினேன். ஒரு துளி இருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"காம்ஷாத் சொல்றதும் சரிதானே. இந்த நொண்டிக் கால என் எதிரிக்கும் குடுக்க மாட்டேன். இந்தா, நீ வெட்டு."

கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள். வேண்டாம் என்றிருக்கலாம். நான் யோசிப்பதற்குள் என் கை நீண்டுவிட்டது.

வெட்டினேன். கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. கை தட்டினார்கள், மிட்டாயை வாரி இறைத்தார்கள். தொமிரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கழுத்தை அசைக்காமல், கானின் மனைவியாக வெள்ளைத் துணியில் கால் வைத்தேன். இதற்காகத்தானே இத்தனை ஆண்டு இந்த நடையைக் காப்பாற்றி வைத்திருந்தேன்! குழந்தை என் விரலை உதறியது. தனியாக நின்றது. பிறகு ஒரு காலை ஊன்றி, மறுகாலைப் பின்னாலிருந்து இழுத்து, இடுப்பு ஒரு பக்கம் சாய, தடுமாறித் தடுமாறி நடந்தது.

"அட, அப்படியே ஒரின்குல் நடை!" என்று யாரோ ஒரு மாமா கத்தினார்.

ஒரின்குல்தான் முதலில் சிரித்தாள். அவளும் துணியின் மறுபக்கத்தில் இறங்கி, பெரிய நொண்டி சின்ன நொண்டியை எதிர்கொள்வதுபோல, கையை விரித்துக்கொண்டு நடந்து வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: உலகத்தில் எந்தக் குழந்தையும் முதலில் என்னைப் போல நடப்பதில்லை. கூடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பல்ஜான் சிரித்துக்கொண்டே அழுதாள். தொமிரிஸ் கடைசி அடியில் குப்புற விழப்போக, ஒரின்குல் வாரித் தூக்கிக்கொண்டாள்.

ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. துணியின் நடுவில், கையில் கத்தியோடு, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். அதை வாங்கி வைக்கக்கூட என் பக்கம் ஒருவரும் வரவில்லை.