அம்மா வெயிலுக்கு வந்த நாள்

எண்பதுகளின் கடைசியில், விழுந்து இடுப்பு ஒடிந்த என் அம்மாவை அருள்புரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருந்தோம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு, வெந்நீர், தூக்கி உட்காரவைக்க ஆள். வாசல் கதவு மட்டும் பூட்டியே இருக்கும்.

காரணம், துணி. பக்கத்துச் சலவைப்பட்டறைக்காரர்தான் இல்லத்துக்கு அரிசி கொடுப்பவர். அந்த நன்றிக்கு, அவர் வெளுத்த பனியன் துணியை இல்லத்து வாசலில் கயிறு கட்டிக் காயப்போட விட்டிருந்தார்கள். பெரியவர்கள் கை பட்டுக் கறையாகிவிடுமென்று யாரையும் வெளியே விடுவதில்லை.

என் அம்மாவோ சூரியனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குமேல் அதில் வெயில் விழுந்த பிறகுதான் காப்பியைத் தொடுவார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். காலையில் வாசலுக்கு விடச் சொல்லி, இல்லத்துப் பொறுப்பம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"துணி கறையாச்சுன்னா அரிசி நின்னு போயிருமுங்க" என்றார். அவர் பயமும் எனக்குப் புரிந்தது. கோயிலுக்குப் போய் அவிநாசியப்பனிடம்தான் முறையிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் அப்பாவின் திதிக்குப் பட்டறைக்காரர் வடை பாயசத்தோடு வந்தார். நானும் அங்கிருந்தேன். ஒவ்வொருவர் காலிலும் விழுந்து ஆசீர்வாதம் வாங்கி வந்தவர், என் அம்மா காலிலும் விழுந்தார். அம்மா கையைத் தூக்கவில்லை.

"ஏனுங்க ஆத்தா, என்ர மேல கோவமுங்களா?"

"கோவமில்ல சாமி. இன்னும் சூரியனையே கும்புடல. அதுக்கு முன்னால உனக்கு எப்படித் திருநீறு பூசுவேன்?"

"உச்சிவெயிலாகப் போகுது, இன்னுமா கும்புடலீங்க?"

"உன்ர துணி கும்புட்டுட்டு நிக்குதே. அது உள்ள வந்தாத்தானே நாங்க வெளிய போக!"

பாயசக் கிண்ணத்தோடு இருந்த பெரியவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். பொறுப்பம்மாவின் முகம் அந்தத் துணியைவிட வெளுத்தது. பட்டறைக்காரர் சிரிக்கவில்லை.

"இவங்க ஊட்டு வாசலை நானா அடைச்சு வெச்சிருக்கறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!" என்று பொறுப்பம்மாவிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தாங்கி அம்மாவை வாசலுக்குக் கூட்டி வந்தோம். அண்ணாந்து, கண் கூச, அம்மா கும்பிட்டார். அப்புறம்தான் பட்டறைக்காரர் நெற்றியில் திருநீறு விழுந்தது.

அரிசி நிற்கவில்லை. கதவு விடியும்போதே திறந்தது. மறுநாள் கம்பெனிக்குப் போகையில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். இல்லத்துக் கம்பிவேலி ஓரமாகப் பெரியவர்கள், காயப்போட்டாற்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா, கையில் காப்பி டம்ளர். பஸ் கூட்டத்தில் நின்றபடியே அவிநாசியப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.