ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வீடு

பெங்களூரில் வீடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் யாருக்கும் நேரம் இருக்காது. காலை டிபனை முடித்துவிட்டு, ராகு காலம் சாயங்காலம்தானே என்ற தைரியத்தில் கிளம்பினால் ஊரே ஒதுங்கி வழிவிடும். சிக்னலில் நிற்க ஆள் இருக்காது. ஓசூர் ரோடு நமக்காகவே போட்டதுபோலத் தெரியும். பில்டர் அனுப்பிய ஆள் காரை ஓட்டிக்கொண்டே, "பாத்தீங்களா மேடம், பேசிட்டிருக்கும்போதே வந்துட்டோம்" என்பார். இந்த ஊரில் முதல் வீடு வாங்கிய முக்கால்வாசிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் ஆயுசு முழுக்கத் திங்கட்கிழமை ரோட்டில் நிற்பார்கள்.

அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம், பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். என் ஆபீஸ் ஊரின் வடக்கே, ஹெப்பாளில். ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் பிரிவில் வேலை. என் கணவருக்குத் தெற்குக் கோடியில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. கல்யாணமானதிலிருந்து நான் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போய்விடுவேன். அவர் கம்பெனி பஸ்ஸில், வாயைத் திறந்து தூங்கியபடி, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் கெட்டவராகத் தெரிவார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

நான் உண்டானதும் வீட்டு யோசனை வந்துவிட்டது. குழந்தை வாடகை வீட்டில் வளரக் கூடாதாம். ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை, எனக்கும் ஆசை இருந்தது. சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்காத ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றும். அதனால் மசக்கையும் வாந்தியுமாக ஞாயிறுதோறும் கிளம்பினோம். நாங்கள் வேலை செய்யும் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருந்த இடங்களில் விலையைக் கேட்டுவிட்டு, மரியாதைக்குக் கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். கொஞ்சம் தள்ளிப் போனால் வீடு இருந்தது, காத்தா இல்லை. காத்தா என்பது சொத்து நம் பெயரில் இருக்கிறது என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு, அது சரியில்லாவிட்டால் பேங்க் திரும்பிக்கூடப் பார்க்காது. காத்தா இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை, டேங்கர் லாரிதான். தண்ணீர் இருந்த இடத்தில் பக்கத்து ஏரி நாறியது. ஜன்னலைச் சாத்திக் காட்டி, "இப்ப வருதா மேடம்?" என்று கேட்டார் ஒருவர்.

இப்படி அலைந்து கடைசியில் சந்தாபுராவில் வந்து நின்றோம். அங்கே எல்லாம் கூடிவந்தது. காத்தா இருந்தது, போர் தண்ணீர் இருந்தது, பேங்க் தலையாட்டியது. கடைக்காரர், காய்கறிக்காரம்மா, ஆட்டோக்காரர் எல்லோரும் தமிழ் பேசினார்கள். பொம்மசந்திரா கூப்பிடு தூரம். தர்மபுரியிலிருந்து என் மாமியார் ஒரு பஸ் ஏறினால் வாசலில் வந்து இறங்கலாம். கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பால்கனியில் நின்று, "இங்கேர்ந்து நான் சைக்கிள்லயே வேலைக்குப் போவேன்" என்றார். நான் வடக்குப் பக்கம் பார்த்தேன். என் ஆபீஸ் இருக்கும் திசையில் கட்டடங்களுக்குப் பின்னால் கட்டடங்களாக இருந்தன.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"மெட்ரோ வருதே மேடம்," என்று பில்டரின் ஆள் முந்திக்கொண்டார். "ஸ்வல்ப நாள்தான். அப்புறம் ஜும்முனு போலாம்."

"பாத்துக்கலாம்மா," என்றார் கணவர்.

யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாமியாரிடம் போனில் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம். ஆனால் சட்டதிட்டங்கள் வந்து இறங்கின. மாசமாக இருக்கும்போது புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஆவணி பிறந்ததும் கொடுக்கலாம், பத்திரமும் பண்ணலாம், குடி மட்டும் போகக் கூடாது. "ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு நீ அம்மா வீட்டுக்குப் போயிடு கண்ணு. இவன் அதுக்குள்ள சாமானெல்லாம் ஏத்தி அங்க போட்டுருவான். கொழந்தையோட நேரா புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிக்கலாம்," என்றார். எவ்வளவு அழகான திட்டம்! லிங்கராஜபுரத்திலிருந்து புறப்பட்டு, திருப்பத்தூரில் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, சந்தாபுராவில் போய் இறங்க வேண்டியது. இந்தப் பயணத்தில் ஹெப்பாள் எங்கேயும் இல்லை. என் வேலை ஒரு சாமான்கூட இல்லை, ஏற்றி இறக்க.

கல்லூரி முடித்து, மூன்று பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் நான்காவதாகப் படுத்து, இந்த ஊரில் தேடிப் பிடித்த வேலை அது. என் ஆபீஸிலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. மதியம் இறங்கிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். பிரசவ விடுமுறை முடிந்ததும் திரும்ப வருவேன் என்று என் மேலாளரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சந்தாபுரா என்றால் அது நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்கு ஆடி மாதம் உதவியது. என் கணவருடன் வேலை செய்யும் ஒருவர் அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் துணி எடுத்துக்கொண்டே போனேன். ராத்திரி இங்கே தங்கி, திங்கட்கிழமை இங்கிருந்தே ஆபீஸ் போய்ப் பார்க்கிறேன் என்றேன். கணவர் சிரித்தார். "பரீட்சையா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். என்னைவிடச் சின்னவள்.

"நானும் போயிட்டிருந்தேங்க்கா, மாரத்தஹள்ளிக்கு. இங்க வந்தப்புறமும் கொஞ்ச நாள் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பாப்பா ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணுவாங்க, காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நான் வர்றதுக்குள்ள இருட்டிடும். இப்ப வீட்லயே ட்யூஷன் எடுக்கறேன். இன்னொண்ணு போட்டுக்கோங்க, தூரம் போகணும்ல."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நானும் கணவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்வதற்குள் பொம்மசந்திரா வந்துவிட்டது. அவர் எழுந்து, "பாத்தியா, எவ்ளோ பக்கம்!" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினார். நானும் ஆட்டினேன். அதற்கப்புறம் பஸ் நகர்ந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. சில்க் போர்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். வந்ததில் ஏற முடியவில்லை. அதற்கடுத்ததில் ஏறினேன், உட்கார முடியவில்லை. ஒரு கல்லூரிப் பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கூத்கொள்ளி ஆண்ட்டி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி எழுந்து இடம் கொடுத்தாள். ரிங் ரோடு முழுக்க மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாத்ரூம் அவசரம் வந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது காலை மீட்டிங் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கால் வீங்கிச் செருப்பு கழலவில்லை.

கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சமாதானமாகச் சொன்னார்:

"சரிம்மா, இன்னிக்கு ஒரு நாள்தானே. கொழந்தை பொறந்தப்புறம் நீ தினமும் போகப்போறதில்லையே."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. இதெல்லாம் சொல்லணுமா என்ன?"

இதெல்லாம் சொல்லணுமா என்ன. அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அவர் என்னை ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. நான் வேலையிலிருந்து நின்றுவிடுவேன் என்பது அவருக்கு ஆடிக்கப்புறம் ஆவணி வருவதுபோல ஒரு விஷயம். அந்த மாதம் முழுக்க நான் பேசினேன். சோறு போடும்போது பேசினேன், துணி மடிக்கும்போது பேசினேன். காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். வடக்கே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். உங்கள் தூரம் எனக்குத் தெரியாமல் இல்லை, இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வருகிற மாதிரி ஒரு இடம் கிடைக்கும்வரை வாடகையிலேயே இருக்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம்" என்றார். சுவரோடு பேசினால்கூட எதிரொலிக்கும். இந்த "பாத்துக்கலாம்" எதையும் திருப்பித் தராது.

ஆவணி முதல் முகூர்த்த ஞாயிறு அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. கணவரும் பில்டரின் ஆளும் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று வீடியோ காலில் வந்திருந்தார். அதுவரை அவர் கேட்டதெல்லாம் வாசல் எந்தத் திசை என்பதுதான். கிழக்கு வாசல் என்றதும் திருப்தியாகிவிட்டார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினேன். பாத்ரூம் கதவைத் திறந்தபோது உள்ளே மேல் ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. கிழக்கு வெயில். அதை ஒட்டியிருந்த இன்னொரு சுவர் வடக்கு.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எந்த மூலையில் என்ன இருக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"அத்தை, இது பாத்ரூம்," என்றேன். "வடகிழக்கு."

திரையில் மாமியாரின் முகம் கிட்டே வந்தது. "ஈசானிய மூலையா?"

"ஆமா அத்தை. ஈசானியத்துல டாய்லெட்."

"போனை அவன்கிட்ட குடு."

அவ்வளவுதான். ஒரு மாதம் நான் தொண்டை வறளப் பேசியும் நடக்காதது, பல் தேய்க்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. பில்டரின் ஆள் விடவில்லை. "அதுக்கு ரெமெடி இருக்கு சார், ஒரு கண்ணாடி மாட்டினா ஆச்சு, செம்புத் தகடு வெக்கலாம்," என்று லிஃப்ட் வரை கூடவே வந்தார். கணவர் காதில் வாங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீ பாத்த" என்றார். மனசாரச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். தோற்றிருந்தால்கூட அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு கழிப்பறை இருக்கும் இடத்துக்கு இருந்த மதிப்பு, நான் பகலெல்லாம் இருக்கும் இடத்துக்கு இல்லை.

குழந்தை பிறந்தது. விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். மகள் என் ஆபீஸ் காப்பகத்தில்தான் தவழக் கற்றாள். இன்னும் வீடு பார்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில்தான். கணவர் இப்போது போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றுகிறார். நான் ஓரமாக நின்று, அங்கிருந்து ஹெப்பாளுக்குத் திங்கட்கிழமை காலையில் எவ்வளவு நேரமாகும் என்று மேப்பில் பார்க்கிறேன்.

போன வாரம் அவருடைய சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது சந்தாபுரா பேச்சு வந்தது. கணவர் பெருமையோடு ஆரம்பித்தார், ஈசானிய மூலை, வெயில், நான் கண்டுபிடித்தது, குடும்பம் தப்பித்தது. சித்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நான் கேட்டேன்.

"அந்தத் திங்கக்கிழமையப் பத்தி ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

கழுவிய தட்டை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பாவம், நன்றாக யோசித்தார்.

"எந்தத் திங்கக்கிழமை?" என்றார்.