தூங்குமூஞ்சி வேலுவின் பிளாஸ்திரி

ஆரணியில் வேலுவைத் தெரியாதவர்களுக்கும் தூங்குமூஞ்சி வேலுவைத் தெரியும். தொண்ணூற்று மூன்றில், முப்பத்தைந்து வயதில், அவனுடைய கண்ணிமைகள் தாமாகவே கீழே இறங்கத் தொடங்கின. தறியில் உட்கார்ந்தால் மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் பாவு நூலைப் பார்க்க முடியும். சேலையில் நாலு புட்டாப் பூ போடுவதற்குள் தோள் ஓய்ந்துவிடும். குடித்துவிட்டு வருகிறான் என்றார்கள். டீயைத் தவிர எதையும் தொடாத மனிதனை!

மனைவி அபிதகுசாம்பாள்தான் வழி கண்டுபிடித்தாள். காலையில் அவன் தறிக்குழியில் இறங்குமுன் மருந்துக்கடை பிளாஸ்திரியை மெல்லிசாகக் கிழித்து, இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிவிடுவாள். "இப்போ நல்லா முழிச்சிகினு இருக்கீங்க, போங்க" என்று சிரிப்பாள். மகள் தேவிப்ரியா தலை பின்னிக்கொள்ளச் சீப்போடு காத்திருப்பாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அந்தக் காலைகளை நினைத்தால் வேலுவுக்கு இப்போதும் நெஞ்சு இளகிவிடும். உடம்பு ஒத்துழைக்காத நாட்கள்தான். ஆனாலும் அப்படி ஒரு காலம் திரும்ப வராது.

இரண்டாயிரத்து இரண்டில் இடி விழுந்தது. அக்கா பொன்னம்மாளின் மகன் பாலுவுக்குத்தான் தேவிப்ரியா என்று அவள் பிறந்ததிலிருந்தே பேச்சு. அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அந்த அக்காவே பின்வாங்கினாள்.

"உன் ரத்தம் சரியில்ல வேலு. நாளைக்கு பொண்ணுக்கும் கண்ணு தொங்கும். என் வூட்டுக்குள்ள அந்த வியாதி வேணாம்."

அதற்குப் பிறகு வேலு வேறு மாப்பிள்ளை தேடவில்லை. தினமும் எழுந்ததும் மகளின் இமைகளைத்தான் பார்ப்பான். அவள் கொட்டாவி விட்டால்கூட வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு இன்னொரு தரம் பார்ப்பான்.

இரண்டு வருஷம் கழித்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். தொடைச்சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா பொறுமையானவர்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குதுங்க. சின்ன பவர் ஹவுஸ் மாதிரி. கரண்ட் மட்டும் இல்ல, எங்க சக்தி பத்தலைன்னு செல்லுக்குத் தகவலும் அது அனுப்புது. உங்களுக்கு அது பழுது. அதான் கண்ணு, சதைன்னு ஓயாம வேலை செய்யற இடமெல்லாம் சீக்கிரம் களைச்சுடுது."

"என் பொண்ணுக்கு வருங்களா?"

"வராது. இது அம்மாகிட்டேயிருந்துதான் புள்ளைங்களுக்குப் போகும். அப்பாகிட்டேயிருந்து போகாது."

வேலு அங்கேயே அழுதுவிட்டான்.

பஸ் ஏறிய பிறகுதான் மிச்சம் உறைத்தது. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம், கண் பாதி மூடியே கிடக்கும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அவளிடமிருந்து தனக்கு வந்ததென்றால் அக்காவுக்கும் வந்திருக்கும். அக்காவிடமிருந்து பாலுவுக்கு. 'வியாதி என் வூட்ல இல்லக்கா, உன் வூட்லதான்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே கண்ணமங்கலம் தாண்டினான். இனித்தது, பொய் சொல்வானேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது பாலு; இரண்டு வருஷமாகப் பார்க்காத பாலு. "வாங்க மாமா" என்றவன், மாமன் முகத்தைப் பார்க்க மோவாயைத் தூக்கினான்.

பின்னால் நின்ற பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வேலு சட்டைப் பையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப் பாலுவின் கையில் வைத்தான்.

"காலையில நம்ம வூட்டுக்கு வந்துடு. எப்படி ஒட்டறதுன்னு உங்க அத்தை சொல்லித் தருவா" என்றான்.