சத்தம் போடாமல் தண்ணீர் பிடித்த சாயங்காலம்

எங்கள் லைன் வீடுகளுக்கும் கச்சேரி ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டித் தெருக்குழாய். ஹால் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே தவிர, அது வெள்ளைக்காரர்கள் காலத்தில் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் போட்டு வைத்த கிடங்கு. அவர்கள் போன பிறகு சும்மா கிடந்தது. எங்கள் ஆஸ்டின் டவுனில் இருந்த சங்கீதப் பைத்தியங்கள் சில பேர், ஒரு டெய்லர், ஒரு போஸ்ட்மேன், மில்லுக்குப் போகிறவர்கள் சிலர், சேர்ந்து அதைக் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு அடித்து, பாய் விரித்துக் கச்சேரி நடத்த ஆரம்பித்தார்கள். பின்னால் பெரிய மனுஷர் யாரும் கிடையாது. பலகைகளை அடுக்கி ஜமக்காளம் போட்டதுதான் மேடை. மைக் இல்லை. புல் வாசனை மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

நான் கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்தபோது ஹால் நடக்க ஆரம்பித்துவிட்டது. கதவில் ஒரு கரும்பலகை தொங்கும். வரப்போகிற கச்சேரிகளை டெய்லர் அண்ணன் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். குழாயடியில் நிற்கிற பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் போயிருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. புதிதாக வந்தபோது என்னை ஊமை என்றே சிலர் நினைத்தார்கள். ஆனாலும் தண்ணீர் வரும்வரை நிற்கும்போது, "இன்னாம்மா போட்டுக்கீது, படி" என்று கேட்டால் படிக்காமல் இருக்க முடியுமா? சின்னக் குரலில் சொல்லுவேன்.

"சனிக்கிழமை கிளாரினெட்."

"அந்த ஆளா? ஊதறப்போ கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்புமே!"

"அதுக்கு அடுத்த வாரம் நீலசந்திரா ஏரியா பாய்ங்க கவாலி."

"அன்னிக்கு நம்ம புள்ளைங்க தூங்கின மாதிரிதான்."

இப்படிக் கிண்டல் பண்ணினாலும் எங்களுக்கு அந்தப் பலகை பிடிக்கும். வரப்போகிறது ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே ஒரு சந்தோஷம். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கிடங்கு சின்னது, ஆண்களே நிரம்பிவிடுவார்கள். அதைவிட, மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்காகக் கச்சேரி ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். எங்கள் குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரம்தான். கொஞ்ச நேரம் வரும், நின்றுவிடும். அதை விட்டால் மறுநாள் சாயங்காலம்தான். டோலக்கும் ஆர்மோனியமும் உள்ளே முழங்க, நாங்கள் வெளியே குடத்தை இடித்துக்கொண்டு, வரிசைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்போம். அவர்கள் சத்தம் பெரியது, எங்கள் சத்தமும் பெரியது. யாருக்கும் யாராலும் தொந்தரவு இல்லை.

ஒருநாள் பலகையில் வீணை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு பெண்ணின் பெயர். நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடியும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பெண் பெயர்தான். எங்கள் ஹாலில் அதுவரை ஒரு பெண் மேடை ஏறியதில்லை. வீணையை நான் காலண்டரில் சரஸ்வதி கையில் பார்த்ததோடு சரி. குழாயடியில் எல்லோருக்கும் வாசித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். ஆள் வாட்டசாட்டம். குழாயடியில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"காலண்டர்ல இருக்கற அம்மாவுக்கு நாலு கையி. இவங்களுக்கு ரெண்டுதானே இருக்கும்? பாவம், எப்படி சமாளிப்பாங்களோ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் டெய்லர் அண்ணன் குழாயடிக்கே வந்துவிட்டார். கழுத்தில் டேப் தொங்கியது. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, நாளைக்கு வீணைக் கச்சேரி. அந்தம்மா ஸ்கூல்ல பாட்டு டீச்சர். மேடை ஏர்றது இதான் மொத தபா."

"ஏறட்டும். நாங்க இன்னா கீழ புடிச்சு இழுக்கறமா?" என்றாள் ஆஸ்பத்திரி அக்கா.

"வீணை சத்தம் ரொம்பச் சின்னதுக்கா. நம்மகிட்ட மைக்கும் இல்ல. கொடத்துல தண்ணி வுழற சத்தம் உள்ள வந்தா முன்னாடி உக்காந்தவனுக்கே கேக்காது. கமிட்டில பாதிப் பேருக்கு இது இஷ்டமே இல்ல. போஸ்ட்மேன் அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்ட்டாரு, பொம்பள வாசிச்சா எவன் உக்காந்து கேப்பான், ஜனம் நடுவுல எழுந்து போச்சுன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்காதேன்னு. அந்தம்மா எங்கெங்கயோ கேட்டுப் பாத்துட்டு இங்க வந்திருக்காங்க. இங்கயும் போச்சுன்னா அவங்களுக்கு வேற மேடை கெடையாது."

"அதுக்கு?"

"நாளைக்கு ஒருநாள் மட்டும் தண்ணி புடிக்காம..."

"தண்ணி புடிக்காம? உன் வீணைய ஊத்தி அரிசி களையறதாண்ணா?"

குழாயடியே குலுங்கியது. "கச்சேரிய வேற நேரத்துல வெய்யேன்" என்றாள் ஒருத்தி. ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்கு வேறு நேரம் தோதுப்படாது என்றார் அவர். "அப்ப கார்ப்பரேஷன்ல போய்ச் சொல்லு, தண்ணிய நேரம் மாத்தி உடச் சொல்லு. சும்னே வந்து பேஜார் பண்ணாத" என்று அக்கா முடித்துவிட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. எல்லார் வீட்டிலும் பிள்ளை குட்டிகள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒன்று தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது?

எங்கள் வீடு ஒரே அறை. கைக்குழந்தை தூங்கும்போது அண்டாவில் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சத்தத்தில் எழுந்துவிடும். அதனால் நனைந்த துணி ஒன்றை அண்டாவின் அடி வரைக்கும் தொங்கவிட்டு அதன்மேல் ஊற்றுவேன். தண்ணீர் துணியோடு வழிந்து இறங்கும். சத்தம் வராது. அன்றைக்குக் குழாயடியில் என் முறை வந்தது. தோளில் கிடந்த துண்டை நனைத்துக் குழாயில் முடிச்சுப் போட்டு, நுனியைக் குடத்துக்குள் விட்டுத் திருகினேன்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்றாள் அக்கா. கையால் குடத்தைக் காட்டினேன். அவள் குனிந்து குடத்தின் வாயில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"அடிப்பாவி! சத்தத்தையே காணோம்."

அப்புறம் எல்லாம் அவள் கைக்குப் போய்விட்டது. "நாளைக்கு ஆளுக்கொரு பழைய துணி எடுத்துகினு வாங்க. கொடம் வெக்கக் கீழ கோணி போடணும். வளையலத் துணியில சுத்திக்குங்கடி. எவளாவது வரிசைக்கு சண்டை போட்டா அவ கொடம் சாக்கடைல கெடக்கும். அந்த டெய்லர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஒரு ராத்திரி பயந்துகினு கெடக்கட்டும்."

மறுநாள் அந்த அம்மா ஜட்காவில் வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சாதாரண நூல் புடவையில் இருந்தார். ரஜாய் போர்வையில் சுற்றியிருந்த வீணையை, சுகமில்லாத ஆளை இறக்குவது போல இரண்டு பேர் இறக்கினார்கள். சுவர் ஓரமாக வரிசையாக நின்ற குடங்களை அவர் பார்த்தார். முகம் வாடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. டெய்லர் அண்ணன் எங்களைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். அக்கா வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றாள்.

கச்சேரி ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காதைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். எங்கோ தூரத்தில் யாரோ ஏதோ சொல்வது போல ஒரு கம்பி பேசியது. அப்போது பார்த்துக் குழாய் இருமியது.

துணியைப் பற்றி யோசித்தோமே தவிர இதை யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து காற்று வரும். கொர்ர் என்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் அது தண்ணீர் விடும். மூடிவிட்டு அப்புறம் திறந்தாலும் அதே சத்தம்தான் வரும். தினமும் அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் காத்திருப்போம். உள்ளே வீணை நின்றுவிட்டது. யாரோ ஓர் ஆண் 'ச்சே' என்றது வெளியே கேட்டது. 

ஆஸ்பத்திரி அக்கா ஒரே எட்டில் போய்க் குழாயின் வாயை முந்தானையால் பொத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே காற்று முட்டியது. விரல் சந்துகளில் பீறிட்டு அவள் முகத்திலும் மார்பிலும் தண்ணீர் அடித்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரி அக்கா வாயிலிருந்து! காற்றெல்லாம் போய்த் தண்ணீர் நிதானமாக இறங்கும் வரைக்கும் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள். நான் துணியைக் கட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை. யாராவது எழுந்து போகிறார்களா என்று கதவையே பார்த்தோம். அப்போது அந்த அம்மா ஒரே ஒரு தரம் கம்பியை மீட்டினார்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் விரலால் தொட்டு இழுத்தால் அறுந்துவிடும் அறுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்க, அறாமல் நீளுமே, அப்படி. மீட்டியது ஒரு தரம்தான். அந்தச் சத்தம் வளைந்தது, மேலே போனது, இறங்கி வந்தது, இனி முடிந்தது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் இருந்தது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு அந்தக் கிடங்கும், தெருவும், நாங்களும் அடங்கிப்போனோம்.

வழக்கமாகக் குடம் நிரம்பியதைச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வோம். அன்றைக்கு விரலை உள்ளே விட்டுத் தண்ணீர் விரலில் படுகிறதா என்று பார்த்துப் பிடித்தோம். ஒருத்தி நகர்ந்தால் அடுத்தவள் தானாக வந்தாள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒரே லைனில் வருஷக் கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு பேர், கோணியில் குடம் உரசாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். குடம் நிறைந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பில் வைத்தபடி நின்றார்கள். எப்போது தண்ணீர் நின்றது என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் கடைசியாக நின்றவளின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.  மற்றவர்கள் தங்கள் குடத்திலிருந்து அவளுக்கு ஊற்றினார்கள், துணியின் மேல்.

கடைசி வரைக்கும் ஒருத்தரும் எழுந்து வரவில்லை. முடிந்து வெளியே வந்த ஆண்கள் ஏதோ கோயிலிலிருந்து வருகிறவர்களைப் போல மெல்லப் பேசிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்கள். போஸ்ட்மேன் டெய்லர் அண்ணனிடம், "அந்தம்மாவ அடுத்த மாசம் எந்த நாள் சரிப்படும்னு கேட்டு வெய்யிப்பா" என்றதை என் காதால் கேட்டேன். டெய்லர் அண்ணன், எல்லாம் இவர்களால்தான் என்பது போல, எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

அந்த அம்மா வெளியே வந்தார். நனைந்து நின்ற எங்களையும், குடங்களையும், குழாயில் தொங்கிய துணியையும் பார்த்தார்.

"எல்லாரும் இங்கயேவா இருந்தீங்க? தண்ணி வரவே இல்லைன்னு நினைச்சேன்."

"வந்துச்சும்மா. கொடமும் ரொம்பிச்சு" என்றாள் அக்கா. "நீங்க வாசிச்சதக் கேட்டோம். பாக்கத்தான் இல்ல."

"அப்ப உள்ள வாங்க."

"பொடவையெல்லாம் ஈரம்மா. பாய் நனைஞ்சிடும்."

"நனையட்டும்."

நாங்கள் உள்ளே போனோம். அத்தனை காலம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்ட இடம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தப் பழைய கிடங்கு எனக்கு அரண்மனை மாதிரி இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வீணையை மடியில் சாய்த்து, "எது வேணும்?" என்று கேட்டார். எங்களில் யாருக்குப் பாட்டுப் பெயர் தெரியும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"கொழா இருமுச்சே" என்றேன். "அதுக்கு அப்பறம் வாசிச்சீங்களே, அது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். எது என்று அவருக்குத் தெரிந்தது. இடது கை விரல்களைக் கம்பியில் வைத்தார். விரல் நுனிகளில் கம்பி அழுத்தி அழுத்திக் கறுத்த கோடு விழுந்திருந்தது. ஒரு தரம் மீட்டிவிட்டு, விரலைக் கொஞ்சம், ஒரு நூல் அளவுதான், பக்கவாட்டில் இழுத்தார். குழாயடி வரைக்கும் வந்து எங்களை நிறுத்தி வைத்தது அந்த நூல் அளவு இழுப்புதான். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.