நுனியைக் கீழே போட்டவன்

சாப்பாட்டுக்கடையை விட்டு மூன்று கிலோமீற்றர் ஏறியிருப்பேன். தூறல் நிற்கவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுடுப்பாக இரண்டு சேட்டு, ஒரு சாரம், ஒரு துவாய். "சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்தா வேலை. இல்லன்னா வேற ஆளு" என்று கடை முதலாளி சொல்லியிருந்தார். நல்ல மனுசன், சத்தம் போடவில்லை. ஆனால் மலேசியாவின் அந்த மலை டவுனில் ஏழு மாதம் சட்டி கழுவி, என் விரலிடுக்குகள் சவர்க்காரத்தில் வெந்துபோயிருந்தன. இனி அந்தத் தொட்டிக்குள் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்துத்தான் நடந்தேன். படுக்கை இருந்ததும் அந்தக் கடையின் மேல்மாடியில்தான். பொழுதுபடுவதற்குள் வேறு வேலை பிடித்தாக வேண்டும்.

இலங்கையின் வடக்கே ஒரு சின்னத் தீவில் இருக்கும் என் ஊர் புளியங்கூடலை விட்டு வெளிக்கிட்டுப் பதினாறு வருடம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழும்பில் பலசரக்குக் கடைகள், கத்தாரில் மாறி மாறிக் கட்டிடங்களில் கம்பி கட்டு, பிறகு இங்கே. எந்த முதலாளியிடமும் இரண்டு வருடம் தாண்டியதில்லை.

தேயிலைத் தோட்டத்தின் வாசலில் சுற்றுலாப் பஸ்கள் நின்றன. ஆட்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள், கடைக்குள் போய்க் கேக் தின்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து உள்ளே போனேன். பச்சை மெத்தையைச் சரிவில் விரித்தது மாதிரி இருந்தது தோட்டம். மெசின் ஏறாத செங்குத்தான பக்கத்தில் ஆறு ஏழு பெண்கள் கையால் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை மேய்க்கும் மண்டோர் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண். தலையில் தொப்பி, காலில் ரப்பர் சப்பாத்து.

"அக்கா, இஞ்சை வேலை ஏதும் இருக்கோ?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு?"

"இலங்கை."

"சிலோனா! அப்ப தேயிலை தெரியும்?"

"ஓம்."

"என்ன, சாமி கும்பிடுறியா?"

"இல்லை அக்கா. தெரியும் எண்டு சொன்னனான்."

அதுதான் நான் சொன்ன பொய். இலங்கையில் தேயிலை மலைநாட்டில்தான்; வடக்கே எங்கள் சின்னத் தீவில் பனையும் கள்ளியும் உவர்க் கிணறும்தான். பக்கத்திலிருக்கும் நெடுந்தீவுக்குப் படகில் போனால் கல்வேலி பார்க்கலாம், மாடு பார்க்கலாம். தேயிலைச் செடியைப் பார்க்க ஏலாது. தேயிலை எங்களுக்குப் பைக்கற்றில் வருவது. ஆனால் சிலோன்காரன் என்றால் தேயிலைக்குள் பிறந்தவன் என்று அவர் நினைத்தார். நானும் திருத்தவில்லை.

ஒரு கூடையைத் தந்து, "அந்த வரிசையில பறிச்சுக் காட்டு" என்றார்.

எனக்குத் தெரிந்த செடி புகையிலை. ஊரில் அப்பாவை அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அப்புவின் தோட்டத்தில் கன்று முழங்காலைத் தாண்டியதும் நுனியை முறித்து எறிய வேண்டும். பக்கத்தில் வெடிக்கும் துளிரையும் கிள்ளி எறிய வேண்டும். அப்போதுதான் இலை சுளகு போல விரியும். கை அதைத்தான் படித்திருந்தது. நான் நுனிகளைப் பட்டுப் பட்டென்று முறித்து நிலத்தில் போட்டேன். அடியில் கிடந்த தடித்த இலைகளைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிக் கூடையை நிரப்பினேன். சுறுக்காக முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

பக்கத்து வரிசையில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண்டோர் வந்து கூடையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"டீயக் கீழ போட்டுட்டு மரத்தக் கூடையில வச்சிருக்கியே தம்பி! இத ஆடுகூடத் தின்னாது லா. நீ உண்மையிலயே சிலோன்தானா?"

"சிலோன்தான். தேயிலை தெரியாது. பொய் சொல்லிப்போட்டன். புகையிலை தெரியும். அதிலை நுனியைத்தான் எறியிறது."

"அஞ்சு மணிக்குக் கீழ போற பஸ் இருக்கு. அதுல போயிடு."

"போக ஏலாது அக்கா. இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் சம்பளம் இல்லாமல் சும்மா பறிக்கிறன். சரிவராட்டி அனுப்புங்கோ."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதும். சிரித்த பெண்ணிடம் கேட்டேன். தமிழ் தெரியாதவள். இரண்டு இளம் இலை, நடுவில் விரியாத ஒரு குருத்து என்று விரலால் காட்டினாள். நகம் படக் கூடாது, விரல் நுனியால் ஒடிக்க வேண்டும். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. சாப்பிட ஒன்றும் கையில் இல்லை. ஒவ்வொரு தரமும் பழைய பழக்கத்தில் கை குருத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும். நான் அதை இழுத்துக் கூடைக்குள் போடுவேன். என் கையோடு நானே மல்லுக்கட்டினேன். மண்டோர் இரண்டு தரம் வந்து என் கூடையில் பாதியை அள்ளி வெளியே எறிந்தார். மூன்றாம் தரம் ஒரு பிடியைத்தான் எறிந்தார்.

ஐந்து மணி பஸ் கீழே வளைவில் திரும்புவது தெரிந்தது. நான் நிமிரவில்லை.

"பறிக்கிறதுக்கு நீ ஆகமாட்ட," என்றார் மண்டோர். "உன் கொழுந்த மத்தவங்களோட சேர்த்தா என்னத்தான் திட்டுவாங்க. மூட்டை தூக்குவியா?"

"தூக்குவன்."

"இதுவும் பொய்யா?"

"இல்லை அக்கா. கத்தாரிலை கம்பி தூக்கினனான்."

அன்று இரவு உரச் சாக்குகள் அடுக்கிய கொட்டிலில் படுக்கச் சொன்னார். அடுத்த நாள் காலமை ஒன்பது மணிக்கு, ஈரக் கொழுந்து அடைத்த முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேல் ரோட்டில் நின்ற லொறிக்கு ஏறத் தொடங்கினேன்.