ஃப்ரீசருக்குக் கீழே ஒரு தட்டு

2024 மே 13, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரம். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. விடிவதற்கு முன்பே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் என் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அன்று எனக்கு ரத்தப் பரிசோதனை. எழுபத்தொன்பது வயதில் அது புதிதில்லை. ஆனால் நான் இந்த வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா என்பது இந்த முறை அதன் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அடையாற்றில் இருக்கும் என் மகள் முந்தின வாரம் இங்கே வந்தபோதே சொல்லிவிட்டாள்.

"ஃபாஸ்டிங் சுகர் இருநூறுக்குக் கீழ வரலைன்னா, வீட்டைப் பூட்டிண்டு எங்காத்துக்கு வந்துடுப்பா. நீ என்ன சாப்பிடறேன்னு என் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

"நான் கண்டதையும் சாப்பிடலைடீ."

"சாப்பிடாமலா இருநூத்தி எண்பது? தினம் மாட வீதி வழியாத்தானே வாக்கிங் போறே? வழி பூரா ஸ்வீட் கடை."

"கடையைப் பார்த்தாக்கூடவா சுகர் ஏறும்?"

அவள் சிரிக்கவில்லை. வேலைக்கு வருகிற அம்மாள் மட்டும் பாத்திரம் தேய்த்தபடியே சிரித்தாள். பதினெட்டு வருஷமாக வருகிறவள். சாந்தோம் குப்பத்தில் வீடு. "சாமி, என்னாண்ட மட்டும் சொல்லு. ஜாங்கிரிய எங்க ஒளிச்சி வச்சிக்கீற? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன், பாதி குடுத்துடு."

முப்பத்திரண்டு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் பிறர் கணக்கைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். இப்போது என்னைச் சந்தேகப்படுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டுவதுதான் முடியாது. என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. பெருங்காய டப்பா முதல் பாதி எரிந்த மெழுகுவர்த்தி வரை அவள் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. கையை நீட்டினால் அவள் வைத்தது கிடைக்கும். அடையாற்றில் கையை நீட்டினால் மகளின் மிக்ஸிதான் கிடைக்கும்.

இன்சுலினுக்கும் ஓர் இடம் வைத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டுமானால் தொண்ணூறுகளுக்குப் போக வேண்டும்.

எனக்கு முதன்முதலில் ஊசி எழுதிக்கொடுத்த அன்று, குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்தவன் என்ற திமிரில், லேபிளில் இருந்த பொடி எழுத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது என்று அதில் இருந்தது. அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏன்னா, இதையா உங்களுக்குக் குத்தணும்?"

"குத்தாட்டா நான் இருக்க மாட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, குத்தறேன். ஆனா என் பால் தயிரோட அது இருக்கப்படாது" என்றாள்.

அந்தக் காலத்து ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசருக்கு நேர் கீழே தட்டையாக ஒரு தட்டு உண்டு. மற்ற வீடுகளில் அதில் மீனோ கறியோ வைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லாமல் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. அந்தத் தட்டை இன்சுலினுக்கு ஒதுக்கினாள். குப்பியை அட்டைப்பெட்டியோடு ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இறுக மூடி, அங்கே தள்ளினாள். சுவாமிக்கு வாங்கின மல்லிகைப்பூ காய்கறிக் கூடையில், அதற்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில்.

காலை ஆறு மணிக்கு டப்பாவை எடுத்து மேடையில் வைப்பாள். சில்லென்று குத்தினால் எனக்குக் கடுக்குமே என்று முக்கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுவாள். டிகாக்‌ஷன் இறங்கி, பால் காய்ந்து, என்னைக் கூப்பிடும்போதுதான் டப்பாவைத் திறப்பாள். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, அப்பளத்துக்கு மாவு உருட்டுகிற பதத்தில் மெதுவாக உருட்டுவாள். அடியில் தங்கிய வெள்ளை முழுக்கக் கலந்து பால் மாதிரி ஆகும்வரை. குத்திவிட்டு, மருந்து வெளியே கசியாமல் இருக்கப் பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். பிறகு கையை இரண்டு தரம் அலம்பிக்கொண்டு அடுப்புக்குப் போவாள்.

இடத்தையும் அவள்தான் மாற்றி மாற்றிக் குத்துவாள். ஞாயிறு இடது வயிறு, திங்கள் வலது, செவ்வாய் இடது தொடை. "வெள்ளிக்கிழமை தொடை கிடையாது, வயிறுதான்" என்பாள். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பாள்.

பல வருஷம் கழித்து, இப்போதெல்லாம் பன்றியும் இல்லை மாடும் இல்லை, ஆய்வகத்தில் நுண்ணுயிரை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். குப்பிக்கு விடுதலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

"கிருமிகிட்டேர்ந்தா?" என்றாள். "அதுக்குப் பன்னியே தேவலை."

டப்பா அங்கேயே இருந்தது. ஒரு குறையும் வரவில்லை. காரணம், எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் அவ்வளவு சாது. காலையில் வைத்த தண்ணீர் ஐஸ் ஆக மறுநாள் ஆகும். அதன் ஃப்ரீசருக்குக் கீழேயே மற்ற வீட்டு ஃப்ரிட்ஜின் கதவளவு குளிர்தான் இருந்திருக்கும்.

இந்தப் பிப்ரவரியில் அது நின்றுபோனது. மகள் தியாகராய நகரில் புதிது வாங்கி அனுப்பினாள். அதிலும் ஃப்ரீசருக்குக் கீழே அதே போல ஒரு தட்டு இருப்பதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை வெளியே சொல்ல வெட்கம். டப்பாவை அதே இடத்தில் வைத்தேன். ஏப்ரலில் வெயில் ஏறியதும், மருந்து சூட்டில் கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டு, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகையும் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். மின்வெட்டில் ஈரத்துணி சுற்றிக் குப்பியைக் காப்பாற்றிய காலத்து ஆள். இன்சுலினுக்கு எதிரி சூடு ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை மார்ச்சிலேயே ஏற ஆரம்பித்திருந்தது. தியாகராய நகரில் இருக்கும் டாக்டர் காலை அளவை இருபத்திரண்டு யூனிட்டிலிருந்து இருபத்தாறாக்கினார். பிறகு முப்பது. மூன்றாவது தடவை போனபோது வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு இடதுபுறம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு தடிப்பு.

"ஒரே இடத்துலயே போட்டுக்கறீங்களா?"

ஆமாம். அவள் போனபின் நானே குத்திக்கொள்கிறேன். வலது கைக்கு வாகான இடம் அது ஒன்றுதான். அங்கே வலியும் இல்லை.

"தடிச்சுப் போன இடம், அதான் வலிக்கல. அங்க மருந்து ஒழுங்கா உறிஞ்சாது. இடத்தை மாத்துங்க. அடுத்த தடவை உங்க மருந்தையும் சிரிஞ்சையும் கொண்டாங்க, எப்படிப் போடறீங்கன்னு நான் பார்க்கணும்."

இடத்தை மாற்றினேன். இரண்டு வாரமாகியும் எண் இறங்கவில்லை. அப்போதுதான் மகளின் அந்தப் பேச்சு வந்தது.

ஆக, அந்தத் திங்கட்கிழமை, டாக்டரிடம் காட்டுவதற்காகக் குப்பியைப் பைக்குள் வைக்க வேண்டியிருந்தது. டப்பாவை வெளியே எடுத்த உடனே திறந்தது மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. குப்பியை எடுத்து, பழக்கத்தில் உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டினேன். உள்ளே எதுவும் அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். அப்போதும் அசையவில்லை. கல்.

இத்தனை நாளும் அது இரவெல்லாம் உறைந்திருக்கிறது. அவள் வழக்கப்படியே நான் எடுத்து வைக்க, முக்கால் மணி நேரம் மேடையில் இருந்து உருகியிருக்கிறது. உருகின பிறகு நான் டப்பாவைத் திறந்து, பயபக்தியோடு அதை உருட்டிக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

என் முதல் நினைப்பு, இதை மகள் பார்க்க வேண்டும் என்பதுதான். அவள் ஒன்பது மணிக்கு டாக்டரிடம் நேரே வருவதாக இருந்தது. அதற்குள் என் சாட்சி உருகிவிடுமே! டப்பாவைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்கி, துண்டால் கட்டி, பைக்குள் வைத்துக்கொண்டேன். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்த பெண், "பையை இப்படிக் கொடுங்க தாத்தா" என்றபோது கொடுக்கவில்லை. ஃபாஸ்டிங் இருநூற்று அறுபத்தெட்டு.

ஆட்டோ லஸ் தாண்டுவதற்குள் துண்டு நனைந்து வேட்டியும் நனைந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா பெர்சு, மீன் வாங்கிக்கினு போறியா? தண்ணி சீட்டுல ஒழுவுதே."

"மருந்துப்பா."

"மருந்தா? ஐஸ்ல வச்சிக் கொண்டு போறத பாத்தா வஞ்சிரம்னு நெனச்சேன்."

என் மனைவி கேட்டிருந்தால், மூன்று நாள் ஆட்டோவைப் பார்த்தாலே தலை முழுகியிருப்பாள்.

டாக்டர் மேஜையில் டப்பாவைத் திறந்தபோது குப்பிக்குள் எல்லாம் நீராகியிருந்தது. மகள் பார்த்தாள். "இதுல என்னப்பா இருக்கு?" என்றாள். அடையாற்றுக்கு மூட்டை கட்டுவது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

ஃப்ரீசருக்குக் கீழே தட்டில் வைத்ததையும் காலையில் அது கல்லாகக் கிடந்ததையும் மட்டும் சொன்னேன். டாக்டர் குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெதுவாக உருட்டினார். மறுபடி பிடித்தார். மகளை அருகில் வரச் சொன்னார். பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் உள்ளே மிதந்தன. கண்ணாடிச் சுவரிலும் ஒட்டியிருந்தன. கண்புரை விழுந்த என் கண்ணுக்கு அது என்றைக்கும் தெரிந்ததில்லை.

"ஒரு தடவை உறைஞ்சா போச்சு. உருகினாலும் திரும்ப மருந்தா ஆகாது. சூடு கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கும், உறையறது ஒரே ராத்திரியில கெடுத்துடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் சார், போயும் போயும் அந்தத் தட்டுல ஏன் வச்சீங்க?"

எனக்கு முன்பே மகள் சொன்னாள். "அம்மா வச்ச இடம் டாக்டர்." சொல்லிவிட்டு என் நனைந்த வேட்டியைப் பார்த்தாள். "அப்போ நீ நெஜமாவே ஒண்ணும் சாப்பிடலையாப்பா?"

"உன் ஆத்து உப்புமாவைத் தவிர ஒரு பாவமும் பண்ணலை."

இந்த முறை சிரித்தாள்.

புதுக் குப்பி வாங்கின உற்சாகத்தில் வழக்கமான முப்பதைப் போட்டிருப்பேன். டாக்டர்தான் தடுத்தார். "அது செத்த மருந்துக்கு ஏத்தின அளவு. நல்ல மருந்துல முப்பது போட்டா மயங்கி விழுந்துடுவீங்க. பழையபடி இருபத்திரண்டுலேர்ந்து ஆரம்பிங்க, தினம் சுகர் பார்த்து எனக்குச் சொல்லுங்க. குப்பி ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கட்டும். திறந்த தேதியை மேல எழுதுங்க. நாலு வாரத்துக்கு மேல மிச்சம் இருந்தாலும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து திருகை நடு எண்ணுக்குத் திருப்பினேன். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு கதவுத் தட்டில், பால் பாக்கெட்டுக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் நடுவில் வைத்தேன்.

வேலைக்காரம்மாள் பால் எடுக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னா சாமி இது? ஊசி மருந்து பாலாண்ட கீது? அம்மா இருந்தா வுடுமா? நான் துடைக்கப் போனாலே அந்த டப்பாவ தொடாதடின்னு கத்துமே!"

"இனிமே அங்கதான் இருக்கும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தயிர்க் கிண்ணத்தை எடுத்து உள்தட்டில் வைத்தாள். பூப்பொட்டலத்தைக் கூடையின் அடிவரை தள்ளினாள். "நீ இன்னா வேணா செய். அம்மா நாளைக்கி என்னத்தான் கேக்கும்."

நான் தடுக்கவில்லை. காலியான எவர்சில்வர் டப்பா ஃப்ரீசருக்குக் கீழே அதே தட்டில் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை, வேலைக்காரம்மாளுக்கும்தான். ஊசி இப்போது ஞாயிறு இடது வயிறு, திங்கள் வலது. வெள்ளிக்கிழமை தொடை கிடையாது.

பத்தாம் நாள் ஃபாஸ்டிங் நூற்று நாற்பத்திரண்டு. மகள் தொலைபேசியில், "சரி, அங்கேயே இரு" என்றாள். வீடு எனக்கே மிஞ்சியது. வீணாய்ப்போன குப்பிகள், டாக்டர், பரிசோதனைகள், ஆட்டோ, ஃப்ரிட்ஜுக்குள் வைக்க ஒரு சின்ன வெப்பமானி, எல்லாம் சேர்த்து ஆன செலவு ஏழாயிரத்து நூற்றிருபது ரூபாய்.