அசையாமல் வைத்திருந்த முட்டி

பஸ்ஸின் முதல் படியில் வலது காலை வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றினார். முட்டி போய்விட்டது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நாலு வருஷம் தைலம் தேய்த்தே ஓட்டினேன். சத்தியவேடு பக்கம் எங்கள் ஊர். களை எடுக்கும் வேலை. குந்திக் குந்தியே தேய்ந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். குருத்தெலும்பு (எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் மெத்தை) தீர்ந்துவிட்டது என்றார் டாக்டர். முட்டியை மாற்றினார்கள். மறுநாளே நிற்க வைத்தார்கள். பிசியோதெரபி (பயிற்சி கொடுத்து மூட்டைப் பழக்கும் வைத்தியம்) பார்க்கும் பெண் காலை மடக்கிக் காட்டினாள். வீட்டிலும் தினம் மூன்று வேளை செய்யச் சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் நடந்தது வேறு. எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர்க் கட்டுதான். மூங்கில் வைத்துக் கட்டி, அசையாமல் கிடந்தால் கூடிவிடும். என் வீட்டுக்காரருக்குக் கை உடைந்தபோது அப்படித்தான் கூடியது.

"எலும்பையே அறுத்துக்கினு வந்துக்குது. ஆட்டினா இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் அவர்.

நாத்தனார் பழைய புடவையைக் கிழித்து முட்டியைச் சுற்றிக் கட்டினாள். "அண்ணி, பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்காத."

எனக்கும் அது வசதியாக இருந்தது. மடக்கினால் உயிர் போகும். நீட்டி வைத்தால் வலியில்லை. குணமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். டாக்டர் மடக்கச் சொன்னார். கால் கட்டையாக நின்றது.

"ஏம்மா, கட்டி வச்சிருந்தீங்களா?"

வீட்டுக்காரர்தான், "எலும்பு கூடட்டும்னு சார்" என்றார்.

"ஐயா, இங்க கூடறதுக்கு உடைஞ்ச எலும்பு இல்ல. கதவுக்கு இருக்கற மாதிரி புதுக் கீல் வச்சிருக்கோம். கீலை ஆட்டணும். ஒரு மாசத்துல நாற்காலியில உக்கார்ற அளவுக்கு மடங்கலன்னா, திரும்ப மயக்கம் குடுத்து நாங்க மடக்கணும்."

இன்னொரு தடவை அந்த ஆபரேஷன் மேஜையில் படுக்க எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் காலை மருமகள் சாக்பீஸோடு வந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பின்னால் இழுக்க வேண்டும். குதிகால் நின்ற இடத்தில் அவள் கோடு போடுவாள். சில நாள் நேற்றைய கோட்டைக்கூடத் தொட முடியாது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன்.

"திட்டறதுன்னா திட்டிக்கோ அத்த. எங்கம்மாவையும் சேத்துத் திட்டு. குதிகால் மட்டும் கோட்டைத் தாண்டணும்."

"உங்கம்மா இன்னாடி பண்ணா? உன்னத்தான் திட்டறேன்."

"அப்போ இன்னும் ஒரு விரக்கட இழு."

இதைப் படிப்பவர்கள் என்னைப்போல் கட்டிப் போட்டுக்கொண்டு கிடக்காதீர்கள். வலி மாத்திரையை எப்போது போட்டால் பயிற்சி செய்ய முடியும் என்று டாக்டரிடம் கேளுங்கள். முடித்ததும் ஐஸ் வையுங்கள். காய்ச்சலோ சீழோ வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் முட்டியில் அளவுகோல் (கோணம் பார்ப்பது) வைத்தார். தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. மேஜை வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார். "மடங்குது" என்றார். அவ்வளவுதான்.

எட்டு மாதம் ஆகிறது. குந்தக் கூடாது என்பதால் களை வேலை போனது. மாங்காய் மண்டியில் நின்று தரம் பிரிக்கிறேன். இடது முட்டிக்கு அறுபது வயது. வலது முட்டிக்கு எட்டு மாதம். ஒன்றாகத்தான் நடக்கின்றன. சில நாள் மண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், வழியெல்லாம் முட்டியை நினைக்கவே இல்லை என்று தெரிகிறது.